இருவாச்சி பட்டியலைப் புதுப்பித்த கதை

ஒரு காட்டில் எல்லா வசதியும் இருந்தது. அதனால் அங்கே யாருக்கும் எதுவும் சுலபத்தில் கிடைக்காது. அந்தக் காட்டில் தணிகாசலம் என்ற ஓர் இருவாச்சிப் பறவை தன் மனைவி செண்பகவல்லியோடு ஒரு முதிர்ந்த இலுப்பை மரத்தில் குடியிருந்தார்.

இருவாச்சிக் குலத்து வழக்கம் கொஞ்சம் கடுமையானது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண்பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சமிருக்கும். உள்ளே இருப்பவளுக்கு இறகெல்லாம் உதிர்ந்துபோகும். குஞ்சு பொரித்து, அது ஓரளவு தேறும்வரை அவளால் பறக்கவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. வெளியே இருப்பவர் பழம் கொண்டுவந்து பிளவு வழியாக ஊட்டினால் சாப்பாடு. இல்லாவிட்டால் பட்டினி. வெறும் கையோடு வீட்டுக்குப் போய், வாய் சாமர்த்தியத்தால் சமாளித்த கணவன்மார் உலகத்தில் ஏராளம். இருவாச்சிக் கணவனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

பழத்துக்குப் பஞ்சமில்லாத காடுதான். ஆனால் நினைத்த மரத்தில் உட்கார்ந்து பறித்துத் தின்றுவிட முடியாது. பழுத்ததெல்லாம் பொதுச்சொத்து. முன்பெல்லாம் காட்டுப் பழங்களை அணில்கள் சேகரித்து ஒரே பெரிய நாவல் மரப்பொந்தில் கொட்டிவைக்கும். ஒரு கோடை மழையில் அந்த மரத்தின் மேல் இடி விழுந்தது. மரமும் கரி, பழமும் கரி. காடே பட்டினி கிடந்தது. அதற்கப்புறம் காட்டுத் தலைமையகம் கூடிப் பேசி, 'பரவல் களஞ்சியம்' என்று ஓர் ஏற்பாடு செய்தது. இனிமேல் பழம் ஓரிடத்தில் இருக்காது. காடு முழுக்க, பொந்து பொந்தாகப் பரவியிருக்கும். ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் தேக்கிலையில் கட்டப்பட்டு, மேலே அந்தக் குடும்பத்தின் குறி கீறப்பட்டு, ஏதோ ஒரு பொந்தில் இருக்கும். ஈரம் பட்டால், எறும்பு வந்தால், அணில்கள் அதை வேறு பொந்துக்கு மாற்றிவிடும். இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது.

'அப்படியானால் என் பங்கு எங்கே இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால், அதற்கும் ஏற்பாடு உண்டு. 'இடஞ்சொல்லி' என்று மூன்று பேரைத் தலைமையகம் நியமித்திருந்தது. யாருடைய பழம் எந்தப் பொந்தில் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவரைக் கேட்கலாம். அந்த மூவரின் பெயரும் இருப்பிடமும் எழுதிய மரப்பட்டை ஒன்று வீட்டுக்கு வீடு உண்டு. காலையில் கண்விழித்ததும் அதைச் சத்தமாக ஒருமுறை படிக்க வேண்டும். படித்தது மண்டையில் ஏறிவிடும். அப்புறம் அன்றைக்குப் பூராவும் பட்டையைப் பார்க்க வேண்டியதில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், பார்த்தாலும் பிரயோஜனமில்லை. மறுபடி தூங்கி எழும்வரை மண்டை வேறு எதையும் ஏற்காது. அந்தக் காட்டு உயிர்களின் மூளை அப்படி.

குஞ்சு பொரித்த மறுநாள் காலை. போன பருவத்தில் வாங்கிச் சேர்த்து வைத்திருந்த உலர்பழம் முந்தின நாளோடு தீர்ந்திருந்தது. தணிகாசலம் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கம்போல் காடே அதிரும்படி வாசித்தார்:

"ஆந்தையார், புங்கமரம்! ஆமையார், தாமரைக் குட்டை! கருமந்தியார், பலாமரம்!"

பிளவுக்குள்ளிருந்து செண்பகவல்லியின் அலகு எட்டிப் பார்த்தது.

"ஏங்க, கத்தினது போதும், கிளம்புங்க. பையன் திறந்த வாயை மூடமாட்டேங்கிறான்."

"இதோ, போன வேகத்துல வந்துடறேன்" என்று தணிகாசலம் பறந்தார்.

புங்கமரத்தில் ஆந்தையார் இல்லை. பொந்து இருந்தது, உள்ளே சிலந்தி வலை இருந்தது. தணிகாசலம் கூப்பிட்டார். பதில் இல்லை. பதில் வராவிட்டால் உடனே அடுத்தவரிடம் ஓடிவிடக் கூடாது என்பது விதி. இடஞ்சொல்லி யோசனையில் இருக்கலாம், கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கலாம். மரத்தின் நிழல் ஒரு முழம் நகரும்வரை மரியாதையாகக் காத்திருக்க வேண்டும். தணிகாசலம் காத்திருந்தார். விதி என்றால் அவருக்கு உயிர். நிழல் நகர்ந்ததும், காலிப் பொந்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாமரைக் குட்டைக்குப் பறந்தார்.

ஆமையார் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, இலுப்பை மரத்துத் தணிகாசலம். என் பங்கு எங்கே இருக்கு?"

ஆமையார் தலையை உள்ளே இழுத்து, யோசித்து, வெளியே நீட்டினார். "வடக்குச் சரிவு. இரட்டைப் பாறைக்குப் பக்கத்துல மருதமரம். கீழ்ப்பொந்து. போயிட்டு வாங்க தம்பி."

குரலில் துளி சந்தேகம் இல்லை. தணிகாசலமும் சந்தேகப்படாமல் போனார். மருதமரத்துக் கீழ்ப்பொந்தில் பழக்கட்டு இருந்தது. ஆனால் இலையின் மேல் அலகுக் குறி இல்லை, நகக் குறி இருந்தது. அது மரநாய்க் குடும்பத்தின் பங்கு. காட்டு அத்தி, நாவல், கொஞ்சம் இலந்தை. வாசனை தூக்கியது. தணிகாசலம் அதை எடுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அடுத்தவர் பங்கைத் தின்பது அவர் பரம்பரையில் கிடையாது. கடைசியாகக் கருமந்தியைத் தேடிப் போனார். பலாமரம் இருந்தது, மந்தி இல்லை. குடும்பத்தோடு தேயிலைத் தோட்டப் பக்கம் குடிபோய் ரொம்ப நாளாயிற்று என்று ஒரு மைனா சொன்னது.

வெறும் அலகோடு வீடு திரும்பி, ஆந்தையாரும் மந்தியாரும் இடத்தில் இல்லாததைச் சொன்னார்.

"பழம் இருந்துச்சு செண்பகம். ஆனா நம்மளது இல்லை."

"அப்போ நம்மளது எங்கே?"

"அதான் தெரியலை."

செண்பகவல்லிக்குப் பதிலாக உள்ளேயிருந்து குஞ்சு கத்தியது. தணிகாசலம் நேரே தலைமையகத்துக்குப் பறந்தார்.

தலைமையகத்தில் 'உதவி மையம்' என்று ஒரு பாறை இடுக்கு உண்டு. அதற்குள் ஒரு கீரி உட்கார்ந்திருக்கும். வாசலில் வரிசை நின்றது. காட்டெருமை ஒன்று தன் கொம்புக்கு உரிமம் கேட்டு நின்றது. உடும்பு ஒன்று வேறு வரிசை என்று நினைத்து நின்றது. தணிகாசலத்தின் முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது.

"என் பங்கு எங்கே இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார்.

"தூங்கி எழுந்து பார்த்தீங்களா?" என்றது கீரி.

"காலையிலதான் எழுந்தேன். புள்ள பசியில கத்துது."

"அது சரி அண்ணே. தூங்கி எழுந்து பார்த்தீங்களா?"

தணிகாசலம் பொறுமையாக நடந்ததைச் சொன்னார். கீரி பாதியிலேயே சிரித்துவிட்டது.

"அட, அவங்களையெல்லாம் மாத்தி எத்தனை நாளாச்சு! ஆந்தையார் பகல்ல தூங்குறார்னு புகார் வந்துச்சு, எடுத்துட்டாங்க. ஆமையாருக்கு ஓய்வு கொடுத்தாச்சு. உத்தரவைப் போன பருவத்துலேயே கையில கொடுத்துட்டாங்க, அவர் இன்னும் அதைப் படிச்சுக்கிட்டிருக்கார். இப்போ புது ஆளுங்க. நீங்க அறிவிப்புப் பார்க்கலையா?"

"எங்கே போட்டிருந்தாங்க?"

"களஞ்சியத்துலதான்."

"களஞ்சியத்துல எங்கே?"

"அதை இடஞ்சொல்லியைத்தான் கேட்கணும்."

"அப்போ இடஞ்சொல்லி யாருன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான், இடஞ்சொல்லி யாருங்கிற அறிவிப்பு கிடைக்கும்?"

"ஆமா. இதுவரைக்கும் அதைப் பத்தி ஒரு புகாரும் வந்ததில்லை. தெரிஞ்சவங்க எதுக்குப் புகார் சொல்லப் போறாங்க?"

கீரி கெட்ட பிராணி இல்லை. மூன்று புதுப் பெயர்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னது: தேவாங்கார், மூங்கில் புதர். முள்ளம்பன்றியார், கல்குகை. கேளையாட்டார், மேட்டுப் புல்வெளி. தணிகாசலம் அதை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் பறந்து, பழைய பெயர்களைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர்களைப் பட்டையில் அழகாகக் கீறினார். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தார். காடே தன்னைப் பார்ப்பதுபோல் ஒரு பெருமிதம். பிறகு சிறகை விரித்துப் பறந்து, புங்கமரத்தில் போய் இறங்கி, "ஆந்தையாரே!" என்று கூப்பிட்டார்.

கூப்பிட்ட பிறகுதான் தாம் நிற்கும் இடமே அவருக்கு உறைத்தது.

மறுபடி கீரி. மறுபடி வரிசை. உடும்பு இன்னும் அங்கேதான் நின்றது.

"பட்டையில மாத்தினா பட்டைக்குத்தான் தெரியும் அண்ணே. உங்களுக்குத் தெரியணும்ல? உங்க மண்டையில காலையில ஏறினதுதானே ஓடிக்கிட்டிருக்கு? அதான் வந்ததுமே கேட்டேன், தூங்கி எழுந்து பார்த்தீங்களான்னு."

தணிகாசலம் தூங்கிப் பார்த்தார். தலைமையகத்துக்கு எதிர்க்கிளையிலேயே உட்கார்ந்து கண்ணை இறுக மூடினார். கண் மூடியது, தூக்கம் வரவில்லை. குஞ்சு வீட்டில் கத்துவது இங்கே கேட்பதுபோல் இருந்தது. உச்சிவெயில் வேறு. கண்ணைத் திறந்தார், மறுபடி மூடினார், மறுபடி திறந்து கீரியின் முன்னால் போய் நின்றார்.

"வேற வழியே இல்லையா?"

கீரி குரலைத் தாழ்த்தியது. "இருக்கு. தூங்காமலேயே நேரா மண்டையில ஏத்திடலாம். மரங்கொத்தி செய்யும். ஆனா செயலாளர் உத்தரவு வேணும்."

செயலாளர் நரியார் உள்ளே ஒரு வாழையிலையின் மேல் சாய்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டார். தம் காலத்தில் பட்டியலைப் புதுப்பிக்க வந்த முதல் பிரஜை இவர்தான் என்பதால் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

"செஞ்சுடலாம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். புதுசு ஏறும்போது பழசு சுத்தமா அழிஞ்சுபோகும். நினைச்சாலும் ஞாபகம் வராது. சம்மதமா?"

"தப்பான பட்டியல் எனக்கு எதுக்குங்க?"

"பேஷ்" என்றார் நரியார்.

மரங்கொத்தி வந்து, தணிகாசலத்தின் தலைமேல் உட்கார்ந்து, ஒரு பெயருக்கு ஒரு குட்டாகக் குட்டியது. கண்ணில் நட்சத்திரம் பறந்தது. பறந்து முடிந்ததும் உள்ளே எல்லாம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. தேவாங்கார், மூங்கில் புதர். அடடா! இத்தனை நாளும் இதுதான் தெரியும் என்பதுபோல் அவ்வளவு இயல்பாக வந்தது.

மூங்கில் புதரில் தேவாங்கார் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் தூங்குகிறார் என்று ஆந்தையாரை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குத் தலைமையகம் தேர்ந்தெடுத்தவர் இவர். எழுப்பியதும் அவர் பெரிய கண்களில் தண்ணீர் நிறைந்தது.

"வாங்க வாங்க! நியமனம் ஆனதிலிருந்து என்னைத் தேடி வந்த முதல் ஆள் நீங்கதான். பேர் சொல்லுங்க. தணிகாசலமா? கிழக்கு ஓடைக்கரை, வேங்கைமரம், நடுப்பொந்து. இன்னைக்குக் காலையில மாத்தி வெச்சது. என் கணக்கு தப்பாது."

அவர் கணக்கு தப்பவில்லை. வேங்கைமரம் இருந்தது, நடுப்பொந்து இருந்தது. பொந்தின் வாசலில் கரடியார் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தார். கீழே கொட்டைகள் சிதறிக் கிடந்தன.

"கரடியாரே, அது என் பங்கு" என்றார் தணிகாசலம். "இலையில அலகுக் குறி இருந்திருக்குமே, பார்க்கலையா?"

"இருந்துச்சா? நான் இலையோட சேர்த்துச் சாப்பிடுற வழக்கம்."

"உங்களுக்கு யார் இந்த இடத்தைச் சொன்னது?"

"பெரியவர்தான். அவர்தானே எனக்கு எப்பவும் சொல்றார்."

"எந்தப் பெரியவர்?"

கரடியார் நக்குவதை நிறுத்தினார். "என்னப்பா இது, நீயும் அங்கே வர்றவன்தானே? காலையிலகூட உன்னைப் பார்த்தேனே!"

தணிகாசலம் யோசித்தார். காலையில் எங்கோ போனோம், யாரிடமோ கேட்டோம் என்பதுவரை வந்தது. அதற்கு மேல் வழித்து வைத்த சட்டிபோல் மண்டை காலியாக இருந்தது.

"நான் பட்டியலைப் புதுப்பிச்சுட்டேன்" என்றார் மெதுவாக.

"ஐயோ பாவம்" என்றார் கரடியார். உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். "இந்தா பாரு. பெரியவர் சொல்ற பொந்துல யாரோட பழமாவது இருக்கும். நான் அதைத் தின்னுட்டுப் போவேன். என் பழத்தை மரநாய் தின்னும். மரநாயோடதை முயல் தின்னும். காட்டுல எல்லாரும் இப்படித்தான் வயிறு நிறைஞ்சு கிடக்கோம். நடுவுல நீ எதுக்குச் சரியான இடத்துக்கு வந்து நிக்கிறே?"

சொல்லிவிட்டு அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். தணிகாசலம் தேவாங்காரிடம் திரும்பிப் போய் முறையிட்டார். "என் கணக்குப்படி பழம் அங்கேதான் இருக்கு" என்றார் தேவாங்கார். முள்ளம்பன்றியாரும் அதையே சொன்னார். கேளையாட்டாரும் அதையே சொன்னார். மூன்று பேருடைய கணக்கும் அப்படியே ஒத்துப்போனது. ஏற்பாடு அந்த மட்டில் குறையில்லாமல் வேலை செய்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் இலுப்பை மரத்துக்கு வந்து சேர்ந்தார். மரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவரைப் பயமுறுத்தியது.

"பையன் தூங்கறானா?"

"தூங்கலை" என்றாள் செண்பகவல்லி. "கத்துறதை நிறுத்திட்டான். வாயை மட்டும் திறந்து திறந்து மூடறான்."

தணிகாசலம் பிளவருகே தலையைச் சாய்த்தார். அழக் கூடாது என்று நினைத்ததால் கோபமாகப் பேசினார். நடந்ததில் ஞாபகமிருந்ததெல்லாம் சொன்னார். கீரி, குட்டு, தேவாங்கு, கரடி, எதையும் விடவில்லை.

"யாரோ ஒரு பெரியவராம், செண்பகம். அவரைக் கேட்டா ஏதாவது ஒரு பொந்தைக் காட்டுவாராம். யாருன்னு எவ்வளவு யோசிச்சும் வரமாட்டேங்குது."

"ஆந்தையார், புங்கமரம். ஆமையார், தாமரைக் குட்டை. கருமந்தியார், பலாமரம்" என்று உள்ளேயிருந்து ஒரே மூச்சில் வந்தது.

"இவங்கெல்லாம் யாரு?"

"யாரா? தினம் விடியக்காலையில காது கிழியக் கத்துவீங்களே! இருட்டுக்குள்ள இறகை உதிர்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அதைக் கேட்கிறதைத் தவிர வேற என்ன வேலை? ஆந்தையும் மந்தியும் இல்லைன்னு காலையில நீங்கதான் சொன்னீங்க. அப்போ பெரியவர்னா ஆமையார்தான். தாமரைக் குட்டைக்குப் போங்க."

"அது பழைய பட்டியல் செண்பகம். தப்பான பட்டியல்."

"தப்பா இருந்துட்டுப் போகட்டும். பழம் இருக்குமா?"

"இருக்கும். ஆனா வேற யாரோடதாவது இருக்கும்."

"அந்த வேற யாரோ எதைச் சாப்பிடுவாங்க?"

"இன்னும் வேற யாரோடதையாவது."

"அப்போ இந்தக் காட்டுல இன்னைக்குப் பசியோட இருக்கிறது யாரு?"

தணிகாசலம் நேர்மையானவர். நன்றாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நாம மட்டும்தான்."

அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை.

தாமரைக் குட்டையில் முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல் தயங்கித் தயங்கித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். ஆமையார் சிரித்தார். "காலையிலதானே வந்தீங்க தம்பி. அதே இடம்தான். மருதமரம், கீழ்ப்பொந்து."

மருதமரத்தில் நகக் குறி போட்ட கட்டு இன்னும் அப்படியே இருந்தது. தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடி, மரநாய்க் குடும்பத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார். அப்படியும் அலகு நீளவில்லை. குஞ்சு வாயைத் திறந்து மூடுவதை நினைத்துக்கொண்டார். எடுத்துவிட்டார்.

முதல் அத்திப்பழத்தைச் செண்பகவல்லி வாங்கி, மசித்து, குஞ்சுக்குக் கொடுத்தாள். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து காட்டையே எழுப்புகிற மாதிரி ஒரு கத்தல் வந்தது. இன்னும் வேண்டுமாம். தணிகாசலத்துக்கு அதுவரை நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சி, அந்தக் கத்தலில் எங்கே போனதென்றே தெரியவில்லை. வேண்டுமானால் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அன்றுமுதல் அந்த வீட்டில் புது வழக்கம் வந்தது. காலையில் தணிகாசலம் சட்டப்படி பட்டையைப் பார்த்துப் புதுப் பட்டியலைச் சத்தமாக வாசிப்பார். படித்தது மண்டையில் ஏறியதும் பழையது மறந்துபோகும். உடனே உள்ளேயிருந்து செண்பகவல்லி, "தாமரைக் குட்டை, ஆமையார்" என்பாள். "யாரு அது?" என்பார் அவர். "போங்க, போனா தெரியும்" என்பாள் அவள். போவார். யாருடைய பங்கோ கிடைக்கும். குஞ்சு கொழுத்தது. அதற்கு மூக்கின் மேல் கொண்டைகூட லேசாகத் தெரிய ஆரம்பித்தது.

பருவம் முடியும் சமயத்தில் தலைமையகம் களஞ்சியத்தின் நிலையை ஆராய்ந்தது. நரியார் தலைமையில் குழு ஒன்று காடு சுற்றியது. பட்டினி என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாப் பொந்திலிருந்தும் பழம் ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் குழுவுக்கு உறுத்தியது. தேவாங்கார் புதருக்கு வழித்தடமே இல்லை, புல் மண்டிக் கிடந்தது. ஆமையார் குட்டைக்கோ, மாட்டுவண்டி போகிற அகலத்துக்குத் தடம் தேய்ந்திருந்தது.

நரியார் தாடையைச் சொறிந்தார். காடு முழுக்கப் பட்டியலை மாற்றுவதா, பட்டியலுக்கு ஏற்ற ஆளை மாற்றுவதா? முதலாவதற்கு உழைக்க வேண்டும். இரண்டாவதற்கு ஓர் உத்தரவு போதும். ஆமையாரே மீண்டும் முதல் இடஞ்சொல்லி. வராவிட்டாலும் பரவாயில்லையென்று ஆந்தையார் பெயரும் மந்தியார் பெயரும் பழையபடி சேர்ந்தன. ஓய்வு உத்தரவைக் கடைசி வரிவரை படித்து முடித்து, வருத்தப்படலாமா என்று ஆமையார் யோசித்துக்கொண்டிருந்தபோது நியமன உத்தரவு வந்து சேர்ந்தது. அறிவிப்பை வழக்கம்போல் களஞ்சியத்துக்குள் வைத்தார்கள்.

அதோடு விடவில்லை. யார் யார் பட்டியல் நடப்பில் இருக்கிறது என்று வீடு வீடாகச் சோதிக்க அணில்கள் கிளம்பின. கரடி வீட்டில் சரியாக இருந்தது. மரநாய் வீட்டில் சரியாக இருந்தது. முயல் வீட்டுப் பட்டையில் எழுத்தே தெரியாத அளவுக்குப் பாசி பிடித்திருந்தது, ஆனால் பாசிக்கு அடியில் சரியாக இருந்தது. உத்தரவு வந்த அன்றைக்கே காடு முழுவதும் இவ்வளவு வேகமாகப் புதுப்பித்துக்கொண்டதைக் கண்டு தலைமையகம் உருகிவிட்டது. 'முன்மாதிரிப் பிரஜை' என்று கரடியாருக்கு மயிலிறகு சூட்டினார்கள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. இறகோடு சேர்த்து ஒரு தேனடை கொடுத்ததால் கேட்க வாய் ஒழியவில்லை.

காடு முழுக்க ஒரே ஒரு வீட்டுப் பட்டைதான் காலாவதியாகியிருந்தது. இலுப்பை மரம், தணிகாசலம். மூன்று பெயரும் தப்பு.

அதற்குள் செண்பகவல்லி வாசலைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். புது இறகு முளைத்திருந்தது. தலைமையகத்திலிருந்து அழைப்பு ஓலை வந்ததும் கணவரோடு அவளும் தலைமையகத்துக்குப் பறந்தாள். எதிர்க்கிளையில் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் வரிசையில் நின்று, முறை வந்ததும் பாறை இடுக்கின் முன் தலைகுனிந்து நின்றார்.

கீரி நிமிர்ந்து பார்த்தது. அதற்கு அவரை நன்றாக அடையாளம் தெரிந்தது.

"ஏன் அண்ணே, காடே ஒழுங்கா இருக்கு. நீங்க மட்டும் பட்டியலைப் புதுப்பிக்கவே மாட்டேன்னா எப்படி?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். எதிர்க்கிளையிலிருந்து செண்பகவல்லி 'வேண்டாம்' என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டு, மரங்கொத்திக்கு வாகாகத் தலையைத் தாழ்த்திக் கொடுத்தார்.

நீதி: தவறான பட்டியலை ஒருபோதும் திருத்தாதே. ஊரோடு சேர்ந்து பொறுமையாகத் தவறாகவே இரு. என்றாவது ஒருநாள் தலைமையகம் உன்னிடம் வந்து சேரும். அவசரப்பட்டுத் திருந்தியவனுக்கு இரண்டு முறை குட்டு.